ஓவசியரின் வெட்டுப்பட்ட பென்சன்

கோணாமலை என்ற பெயரை அன்னப்பூரணி முதன்முதலில் கேட்டது ஏச்சாகத்தான். அவளுக்கு அப்போது பதினாறு வயது. தகப்பன் நல்லரத்தினம் முழங்கால் மட்டும் சேற்றோடு வயல் வட்டையிலிருந்து வந்து, மண்வெட்டியை முற்றத்தில் எறிந்துவிட்டு, "புதுசா ஒரு ஓவசியர் வந்திருக்கான். கோணாமலையாம். பெத்த தாய்க்கும் தண்ணிய அளந்துதான் குடுப்பான் போல கிடக்கு" என்றார். தன் முறை வருமுன் வாய்க்கால் கதவைக் கொஞ்சம் திறந்துவிடச் சொல்லி அவர் கேட்டிருக்கிறார். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுகிற அந்த ஓவசியர் கைமணிக்கூட்டைக் காட்டியிருக்கிறார். அவளுடைய தாய்மாமன் போய்க் கேட்டபோதும் அதே மணிக்கூட்டைத்தான் காட்டினாராம்.

ஏசின நல்லரத்தினமே மூன்று மாதம் கழித்து அந்த ஓவசியருக்குக் கலியாணப் பேச்சு அனுப்பினார். தாய்வழிக் குடி வேறு, அதனால் கலியாணத்துக்குத் தடையில்லை, அரசாங்கச் சம்பளம். அதைவிட, அளந்து கொடுக்கிறவன் மருமகனாக வந்தால் தன் வயலுக்குக் குறையாது என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு பொய்த்துப்போனது. கலியாணத்துக்குப் பிறகும் மாமனாருக்கு அதே அளவுதான்.

மட்டக்களப்புப் பக்கத்தில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். வீடு, வளவு, வயல் எல்லாம் பெண்பிள்ளைக்கு. கோணாமலையும் அப்படித்தான் ஒரு தகரப் பெட்டியோடு தேற்றாத்தீவுக்கு வந்தார். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், அவருடைய தாய்க்குப் பதினெட்டு ஏக்கர் வயல் இருந்தது. அது அவருடைய ஒரே தங்கை சீதேவிப்பிள்ளைக்கு. ஆனால் காடு வெட்டிக் காணி கொடுத்த காலத்தில் அரசாங்கம் ஆண்களின் பெயருக்குத்தான் பெர்மிற் எழுதியது. தகப்பன் செத்துப்போனதால் பெர்மிற் கோணாமலையின் பெயரில் வந்தது. "பேர் உன்ட. காணி தங்கச்சிட" என்று தாய் சொன்னாள். அவர் "ஓம்" என்றார். அவ்வளவுதான் உறுதி. அண்ணனும் தங்கையும் அதற்குமேல் எழுதி வைப்பது அந்தக் குடியில் வெட்கக்கேடு.

எண்பத்துநாலாம் ஆண்டு அவர் பென்சனுக்கு எழுதினபோது நீளமான ஒரு படிவம் வந்தது. உமது பெயரில் உள்ள காணி எவ்வளவு என்று அதில் ஒரு வரி. கோணாமலை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வயல் பதினெட்டு ஏக்கர், வருடத்தில் இரண்டு போகம் என்று எழுதினார்.

"அது மச்சாள்ட காணியெல்லோ?" என்று கேட்டாள் அன்னப்பூரணி.

"பேர் யார்ட எண்டுதான் கேட்டிருக்கான். பேர் என்ட."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பதின்மூன்று வருடம் அந்தப் படிவம் எங்கேயோ ஒரு அலமாரியில் கிடந்தது.

தொண்ணூற்றேழில் பென்சன் குறைந்தது. நாலாயிரத்து இருநூறு ரூபாய் வந்த இடத்தில் இரண்டாயிரத்து முந்நூறு வந்தது. பென்சனோடு வந்த துண்டுக் கடதாசியில் "வரி நிலுவை" என்று ஒரு வரி அடித்திருந்தார்கள். கோணாமலை ஒருவரிடமும் சொல்லவில்லை. முதல் மாதம் சுருட்டை விட்டார். இரண்டாம் மாதம் பேப்பர் வாங்குவதை விட்டார். மூன்றாம் மாதம் இரவுச் சாப்பாட்டை விட்டார். அப்போதுதான் அன்னப்பூரணி அவருடைய சட்டைப்பையைத் தேடினாள். துண்டு கிடைத்தது. அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் இலக்கம் தெரியும்.

"இஞ்சாருங்க. மற்றக் காசு எங்க?"

"வெட்டுறானுகள்."

"என்னத்துக்கு?"

"வயலுக்கு வரி கட்டல்லயாம். குற்றப்பணத்தோட சேத்து இன்னும் நாலு வருசத்துக்கு வெட்டுவானுகளாம்."

வீட்டில் ஆறு வாய். இளைய மகளின் புருசனைத் தொண்ணூறாம் ஆண்டு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை. மகளும் மூன்று பிள்ளைகளும் இந்தப் பென்சனில்தான் இருந்தார்கள். அன்னப்பூரணியின் சீதன வயலும் படுவான்கரையில், முகாமுக்குப் பக்கத்தில், புல் முளைத்துக் கிடந்தது. நாலு வருடம் என்றால் மூத்த பேத்தியின் படிப்பு நிற்கும் என்று அவள் அந்த இடத்திலேயே எண்ணிக்கொண்டாள். வெட்டை நிறுத்த வேண்டும், வெட்டினதைத் திருப்பி எடுக்க வேண்டும். வேறு வழி இல்லை.

ஆறாம் மாதத் துண்டும் வந்த பிறகு இருவரும் பட்டணத்துக்குப் பஸ் ஏறினார்கள். நாலு ஆமிச் சென்றியில் இறங்கி நடந்து, பையை விரித்துக் காட்டி, பத்தரை மணிக்கு வரிக் கந்தோருக்குள் போனார்கள். அங்கே ஹலீம் என்ற கிளாக்கர் இருந்தார். ஏறாவூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். ஃபைலைத் திறந்து, பழைய படிவத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினார்.

"ஓவசியர் ஐயா, ஒங்கட கையெழுத்துத்தானே?"

"ஓம்."

"பதினெட்டு ஏக்கர். ரெண்டு போகம். நல்ல வடிவான எழுத்து. இவ்வளவு வடிவா எழுதி மாட்டுப்பட்ட ஆள நான் இண்டைக்குத்தான் காணுறன்."

"காணி என்ட பேர்ல. நெல்லு தங்கச்சிட மகள் புஸ்பத்தின்ட."

"அப்ப ஒங்களுக்கு ஒண்டும் வாறல்லயா?"

"தைப்பொங்கலுக்கு ஒரு மூட்டை வரும். தொண்ணூறுக்குப் புறகு அதுவும் இல்ல."

"அந்த மூட்டைய எழுதட்டா?"

"எழுதுங்க."

"எழுதாதீங்க தம்பி" என்றாள் அன்னப்பூரணி.

ஹலீம் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் நம்புறன் ஐயா. எங்கட ஊரிலயும் வீடுவாசல் பொம்புளப் புள்ளைக்குத்தான். ஆனா ஃபைல் நம்பாது. நெல்லு மருமகள்ட எண்டதுக்கு ஒரு துண்டு வேணும். வித்த துண்டு, உரம் வாங்கின துண்டு, எது எண்டாலும். அவட பேரும் வருசமும் அதில இருக்கோணும்."

"துண்டு இருக்கு" என்றார் கோணாமலை.

அவர் எந்தத் துண்டைச் சொல்கிறார் என்று அன்னப்பூரணிக்கு உடனே விளங்கியது. தொண்ணூறுக்குப் பிறகு படுவான்கரை இயக்கத்தின் கையில்; அங்கே நெல்லை வாங்குகிற கடையும் இல்லை, வங்கியும் இல்லை. அறுவடை முடிய இயக்கத்துப் பொடியன்மார் வருவார்கள். ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று வரி எடுப்பார்கள். எடுத்ததற்குத் துண்டு கொடுப்பார்கள். புஸ்பத்தின் பெயர் எழுதின துண்டு உலகத்தில் அது ஒன்றுதான். அவள் மேசைக்குக் கீழே புருசனின் காலை மிதித்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டு, "போகத்துக்கு ஒண்டு" என்று தொடங்கினார்.

"இவருக்கு இப்ப மருந்து குடுக்கோணும்" என்று அவள் எழுந்தாள்.

ஹலீம் பேனையை மூடினார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "எந்தத் துண்டெண்டு நான் கேக்கல்ல. நீங்க சொல்லவும் இல்ல. அடுத்த மாசம் பதினஞ்சுக்குள்ள வாங்க. அதுக்குப் புறகு ஃபைல் கொழும்புக்குப் போயிரும்." வெட்டு விழுந்த ஆறு பென்சன் துண்டில் இரண்டை அடையாளத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டு மற்ற நாலையும் திருப்பிக் கொடுத்தார். அன்னப்பூரணி அதைத் தன் சுருக்குப்பையில் வைத்தாள்.

பஸ்ஸில் அவர்கள் பறையவில்லை. பஸ்ஸில் யார் காது எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாத காலம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தின பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"பைத்தியமா உங்களுக்கு? அந்தத் துண்டோட சென்றியில பிடிபட்டா ஆளையும் காணேலா, பென்சனையும் காணேலா."

"வரி கட்டின துண்டு வரிக் கந்தோருக்குத்தானே போகோணும்?"

"அது வேற வரி."

"வரி வரிதான். பேர் இருக்கு, வருசம் இருக்கு, ஏக்கர் இருக்கு. அந்தப் பொடியனுகள் பிழையில்லாம எழுதியிருக்கானுகள் எண்டு புஸ்பம் சொன்னவள்."

"கந்தோர்ல குடுத்தா அந்தக் கிளாக்கருக்கும் கேடு."

"அவன் துண்டு கேட்டவன்."

அவரோடு பேசி ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். நாற்பத்தைந்து வருடத்தில் அவர் ஒரு கடதாசியில் பொய் எழுதினதும் இல்லை, கேட்ட கேள்விக்கு மறைத்துப் பதில் சொன்னதும் இல்லை. தனியாக விட்டால் போய்விடுவார். ஆகவே அடுத்த வெள்ளிக்கிழமை அவளும் கூடப் புறப்பட்டாள்.

குருமண்வெளித் துறையில் சென்றி. அந்தப் பக்கம் கொண்டுபோகும் சாமானை எண்ணினார்கள். சவர்க்காரம் இரண்டுக்கு மேல் விடவில்லை. பனடோல் மாத்திரைக் கார்டை வெட்டிப் பாதியைக் கொடுத்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்து, பின்னேரம் நாலு மணிக்குள் திரும்ப வேண்டும் என்று சொல்லி, பெயரைப் புத்தகத்தில் எழுதினார்கள். பாதை என்கிற மிதவையில் ஏறி மண்டூர்க் கரைக்குப் போய், அங்கிருந்து ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் தொங்கிக்கொண்டு சீதேவிப்பிள்ளையின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

சீதேவிப்பிள்ளை அண்ணனை விட ஐந்து வயது இளையவள். புருசன் செத்துப் பதினெட்டு வருடம். வாய் மட்டும் தேயவில்லை.

"அண்ணே, என்னகா இது? பென்சன்காரர் மெலிஞ்சு வரம்பு போல கிடக்கிறார். மச்சாள், எங்கட அண்ணனுக்குச் சோறு போடுறல்லயா? இல்லாட்டி அளந்து போடுறீங்களா?"

"உங்கட அண்ணன்தான் அளந்து தின்னுறார்" என்றாள் அன்னப்பூரணி. பிறகு நடந்ததைச் சொன்னாள்.

சீதேவிப்பிள்ளையின் முகம் மாறியது. கொஞ்ச நேரம் சுளகை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். "என்ட காணிக்கு அண்ணன்ட சோத்தில வெட்டுறானா?" என்றாள். "இஞ்ச ஒருத்தன் என்னட்ட மூட்டையில எடுக்கிறான். அங்க ஒருத்தன் உன்னட்டக் காசில எடுக்கிறான். பதினெட்டு ஏக்கர்ல பாதி உப்படிச்சுக் கிடக்கு. அதுக்கு ஆர் வரி எடுக்கப்போறான் எண்டு கேட்டுச் சொல்லு."

"துண்டுகளத் தா" என்றார் கோணாமலை.

புஸ்பம் பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். கடைசி ஆறு போகத்துத் துண்டு. அவள் முகத்தில் பயம் இருந்தது. "மாமா, அடுத்த போகத்துக்கு அவங்க வரக்குள்ள பழைய துண்டு கேப்பாங்க. இல்லாட்டி கட்டல்ல எண்டு மறுகா எடுப்பாங்க."

"திருப்பிக் கொண்டாந்து தருவன்."

அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். வாசித்துத் தலையை ஆட்டினார். பொலித்தீன் பையில் சுற்றி, பென்சன் புத்தகத்தின் உறைக்குள் செருகி, சட்டைப்பையில் வைத்தார். பிறகு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனார்.

அன்னப்பூரணி வாளி கிணற்றில் விழுகிற சத்தம் கேட்கும் வரை பார்த்திருந்தாள். சட்டையை எடுத்தாள். ஆறு துண்டையும் உருவி, தன் சுருக்குப்பையில் இருந்த நாலு பென்சன் துண்டையும் அதே மடிப்பில் மடித்து, அதே பொலித்தீனில் சுற்றி, அதே உறைக்குள் வைத்தாள். புஸ்பத்தின் கையில் ஆறையும் கொடுத்தாள்.

"பழைய இடத்தில வை. மாமாக்குச் சொல்லாத."

"வீட்ட போய்ப் பாத்தா ஏசுவாரே மாமி."

"உயிரோட ஏசட்டும்."

சீதேவிப்பிள்ளை அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அரை மூட்டை நெல்லும் ஒரு பை கத்தரிக்காயும் கட்டிக் கொடுத்தாள்.

திரும்பும்போது பாதையில் பதினைந்து பேர். அன்னப்பூரணிக்குப் போகும்போது இருந்த பயம் இல்லை. கடதாசி அந்தக் கரையில் இருக்கிறது, இனி என்ன என்று நினைத்தாள். ஒன்றை மறந்துபோனாள். கடதாசியை எடுத்துவிட்டாள், புருசனின் வாயை எடுக்கவில்லை.

குருமண்வெளிச் சென்றியில் அன்றைக்கு ஒரு புது ஒபிசர் நின்றார். வரிசையை நிறுத்தி ஒவ்வொருவராகக் கேட்டார். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய். கோணாமலையின் முறை வந்தது.

"அங்க இருந்து என்ன கொண்டு வாறது?" என்று சிப்பாய் கேட்டான்.

"நெல்லு அரை மூட்டை. கத்தரிக்காய். துண்டு ஆறு" என்றார் கோணாமலை.

அன்னப்பூரணி கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்தாள்.

"என்ன துண்டு?"

கோணாமலை அப்போதுதான் தான் சொன்னதைத் தானே கேட்டார் போல. சிப்பாய் ஒபிசரிடம் சிங்களத்தில் சொன்னான். ஒபிசர் கிட்ட வந்தார். வரிசையில் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"ஆர் தந்த துண்டு? எடு" என்றான் சிப்பாய்.

கோணாமலையின் கை சட்டைப்பைக்குப் போனது. அந்தக் கை போகிற வேகத்தைப் பார்த்தால் ஒரு பகல் பிடிக்கும் போல இருந்தது. அவர் அன்னப்பூரணியின் பக்கம் திரும்பவில்லை. உறையை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

சிப்பாய் பொலித்தீனைப் பிரித்தான். நாலு துண்டையும் விரித்தான். அரசாங்க முத்திரை போட்ட பென்சன் துண்டு. ஒபிசர் வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், வெயிலுக்கு நேரே பிடித்தும் பார்த்தார்.

"ஆறு எண்டு சொன்னது. நாலுதான் இருக்கு. மற்ற ரெண்டும் எங்க?"

கோணாமலை கண்ணைத் திறந்தார். விரித்துக் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். அப்போதுதான் பெண்சாதியைப் பார்த்தார். அந்தப் பார்வையை அன்னப்பூரணி பிறகு எத்தனையோ நாள் சொன்னாள். கோபமும் இல்லை, நன்றியும் இல்லை. தன் வீட்டுக்குள் தெரியாத ஆள் இருந்ததைக் கண்ட பார்வை என்பாள்.

மூட்டையைக் கொட்டினார்கள். நெல்லுக்குள் கையை விட்டுத் துழாவினார்கள். கத்தரிக்காயை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தார்கள். அவருடைய குடைத்துணியைக் கிழித்தார்கள். அன்னப்பூரணியைத் தட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு பெண் சிப்பாய் தடவிப் பார்த்தாள். சுருக்குப்பையில் பாக்கும் ஏழு ரூபாயும்தான் இருந்தது. திரும்பி வந்தபோது கோணாமலையை வெயிலில் முழங்காலில் இருத்தியிருந்தார்கள். எழுபது வயது ஆள்.

"ரெண்டு எங்க?" என்று ஒபிசரே தமிழில் கேட்டார்.

"ஐயா" என்றாள் அன்னப்பூரணி. ஒரு அடி முன்னால் வைத்து மறுபடி சொன்னாள். "ஐயா, இவர் பென்சன்காரர். ஆறு மாசம் பென்சன்ல வெட்டினவங்க. ஆறு துண்டு. அதில ரெண்ட வரிக் கந்தோர்ல எடுத்திட்டாங்க. கேட்டுப் பாருங்க. இவர் காலையில இருந்து ஆறு ஆறு எண்டு எண்ணிக்கொண்டுதான் திரியிறார்."

வெட்டின மாதமும் ஆறு, அந்தத் துண்டும் ஆறு என்று வந்தது அவள் செய்த புண்ணியம். வேறு எந்த எண்ணாக இருந்தாலும் அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்திருக்கமாட்டார்.

சிப்பாய் கோணாமலையிடம் குனிந்தான். "சரியா? ரெண்டும் கந்தோர்லயா?"

அவர் என்ன சொல்லுவார் என்று அன்னப்பூரணிக்குத் தெரியாது.

"ஓம்" என்றார் கோணாமலை. "ரெண்டும் கந்தோர்ல."

சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அவரால் சொல்ல முடிந்தது என்று அவள் நினைத்தாள். ஆனால் அதற்குமேல் அவர் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அதிகாரி ஒருவரின் முன்னால் கேட்காததைச் சொல்லாமல் அவர் வாயை மூடினது அன்றைக்குத்தான்.

ஒபிசர் பென்சன் துண்டைத் திருப்பிக் கொடுத்தார். பென்சன் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. கோணாமலையின் பெயரை வேறொரு புத்தகத்தில் சிவப்புப் பேனையால் எழுதினார். அந்தக் கரைக்கு இனிப் போவதென்றால் முதலில் முகாமுக்கு வந்து சொல்ல வேண்டும் என்று சிப்பாய் சொன்னான். கொட்டின நெல்லை மண்ணோடு அள்ளிக்கொண்டு, நாலரை மணிக்கு அவர்கள் அந்த இடத்தை விட்டு நடந்தார்கள்.

பென்சன் புத்தகம் பதினொரு நாள் கழித்து வந்தது. பதினொரு நாளும் கோணாமலை வீட்டில் வாய் திறக்கவில்லை. சாப்பிட்டார், குளித்தார், கிழிந்த குடையைத் தைத்தார். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"எரிச்சியா?"

"இல்ல. புஸ்பத்திட்டக் குடுத்தன்."

"ஆறையும்?"

"ஆறையும்."

"அஞ்சாவது துண்டில பேர் நல்ல வடிவாக் கிடந்தது" என்றார். பிறகு கோப்பையை இழுத்து மிச்சச் சோற்றைத் தின்றார்.

பதினைந்தாம் தேதிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. கையில் ஒரு கடதாசியும் இல்லை. ஃபைல் கொழும்புக்குப் போனால் நாலு வருடம் வெட்டுத்தான். அன்னப்பூரணி என்ன செய்வதென்று தெரியாமல் வளவைக் கூட்டிக்கொண்டு நின்றபோது, படலைக்குள் சீதேவிப்பிள்ளை வந்தாள். பின்னால் புஸ்பம். தொண்ணூறுக்குப் பிறகு சீதேவிப்பிள்ளை வாவியைக் கடந்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணன் வரேலா எண்டு துறையில ஆக்கள் கதைச்சாங்க. அதுதான் நாங்க வந்தம். சென்றியில கேட்டான், கோணாமலைக்கு நீ என்ன முறை எண்டு. கூடப்பிறந்தவள் எண்டன். ஒரு மணித்தியாலம் இருத்தினான். இருத்தினா இருக்கிறதுதானே. எனக்கென்ன, அங்கயும் இருக்கிறதுதான்."

"துண்டு கொண்டாந்தியா?" என்று கேட்டார் கோணாமலை.

"உனக்குத்தான் அண்ணே புத்தியில்ல. எனக்கும் இல்லையா? வாய் கொண்டாந்திருக்கன்."

அடுத்த நாள் நாலு பேருமாகப் பட்டணம் போனார்கள். ஹலீம் நிமிர்ந்து பார்த்து, "ஐயா, கலியாண வீட்டுக்கு வாற மாதிரி வந்திருக்கிறீங்க" என்றார். ஆனால் அவருடைய கண் கோணாமலையின் கையில் கடதாசி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தது. இல்லையென்று கண்டபின்தான் கதிரையைக் காட்டினார்.

சீதேவிப்பிள்ளை இருக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். தாய் காணி பெற்றதையும், பெர்மிற்றில் பெண்ணின் பெயரை எழுத மாட்டோம் என்றதையும், தன் கலியாணத்தில் அந்த வயலைச் சீதனமாகச் சொன்னபோது யார் யார் பாயில் இருந்தார்கள் என்பதையும், அவர்களில் யார் யார் இப்போது செத்துப்போனார்கள் என்பதையும் சொன்னாள். புஸ்பத்தை முன்னால் தள்ளி, "என்ட மகள். அவள்ட கையப் பாருங்க. இவர்ட கையப் பாருங்க. ஆர் வெள்ளாமை செய்யிறது எண்டு தெரியும்" என்றாள்.

ஹலீம் எல்லாவற்றையும் எழுதி உள்ளே பெரியவரிடம் கொண்டுபோனார். கதவு பாதி திறந்து கிடந்தது. இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று பெரியவர் கேட்பது வெளியே கேட்டது. ஹலீம் சொன்ன பதில் கேட்கவில்லை. நாலு பேரும் வாங்குப் பலகையில் ஒருவரை ஒருவர் பாராமல் இருந்தார்கள். வெளியே ஒரு ட்ரக் வந்து நின்றது. இரண்டு சிப்பாய்கள் இறங்கிக் கந்தோர்ப் படியில் ஏறினார்கள். சீதேவிப்பிள்ளை மகளின் கையைப் பிடித்தாள். அவர்கள் வேறு ஏதோ கடிதம் கொடுக்க வந்தவர்கள். கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். புஸ்பத்தின் மணிக்கட்டில் தாயின் நகம் பதிந்த அடையாளம் இருந்தது.

ஒரு மணிக்கு ஹலீம் வெளியே வந்தார்.

"வெட்ட நிப்பாட்டச் சொல்லிக் கையெழுத்து வெச்சிட்டாரு. மருமகள் ஒங்களுக்கு ஒண்டும் தாறல்ல எண்டு நீங்க ஒரு ஒப்பம் வெக்கோணும்."

"பொங்கலுக்கு ஒரு மூட்டை" என்று கோணாமலை தொடங்கினார்.

"அண்ணே" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"தொண்ணூறுக்குப் புறகு எண்டு எழுதியிருக்கன் ஐயா" என்றார் ஹலீம். "அதுக்கு முன்னம் உள்ளத நான் எழுதல்ல. வாசிச்சுப் பாருங்க. பொய் இல்ல."

கோணாமலை மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்தார். மூன்று பெண்களும் அவருடைய பேனையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவர் ஒப்பம் வைத்தார்.

"வெட்டின காசு?" என்று அன்னப்பூரணி கேட்டாள்.

"அது கொழும்பு பாக்கிற வேல அம்மா. எழுதிப் போடுறன்."

அந்த மாதப் பென்சன் முழுதாக வந்தது. வெட்டின பதினோராயிரத்து நானூறு ரூபாய் வரவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. திருப்பித் தருவதற்கு, ஒவ்வொரு போகத்துக்கும் விளைச்சல் யாருக்குப் போனது என்று காட்டும் மூலப் பற்றுச்சீட்டுகளை அனுப்பும்படி அதில் எழுதியிருந்தது. கோணாமலை அதை வாசித்துவிட்டு அன்னப்பூரணியிடம் கொடுத்தார். அவள் எழுத்துக் கூட்டி வாசித்து முடித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். தன்னிடம் பற்றுச்சீட்டு இல்லை என்று அவர் பதில் எழுதினார். அவரிடம் இல்லைதான். அதே கடிதம் வேறு தேதியோடு மறுபடி வந்தது. அவரும் அதே பதிலை மறுபடி எழுதினார். ஹலீம் மாற்றலாகிப் போனார். அவருக்குப் பிறகு வந்தவர் படிவத்தை முதலிலிருந்து நிரப்பச் சொன்னார்.

அந்தப் படிவத்திலும் உமது பெயரில் உள்ள காணி எவ்வளவு என்ற வரி இருந்தது. கோணாமலை பேனையை எடுத்தார். அன்னப்பூரணி அடுப்படியிலிருந்து வந்து பக்கத்தில் நின்றாள். அவர் அவளை ஒருதரம் பார்த்துவிட்டு, படிவத்தை நிரப்பாமல் மடித்து வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் காசைக் கேட்டு அவர் எழுதவில்லை.

போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த பிறகும் அவர் அந்தக் கரைக்குப் போகவில்லை. சீதேவிப்பிள்ளைதான் வருடத்துக்கு இரண்டு தடவை வந்துபோகிறாள். கோணாமலைக்கு இப்போது வயது எழுபத்தெட்டு. தேற்றாத்தீவில், அன்னப்பூரணியின் வீட்டில், தெற்குப் பக்கத்து அறையில் இருக்கிறார். காது மந்தம். மாதம் ஒருமுறை தபாற்கந்தோருக்கு நடந்து போய்ப் பென்சன் எடுத்து வருகிறார்.